அடுத்த புத்தகம்

சென்ற கோடை விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பக்கத்துத் தெருவில் குடியிருக்கும் சிநேகிதர் ஒருவர் தம் பையனைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். பையனுக்கு வயது 13. நாலு நாளாகச் சுரம் விடாத குழந்தையை வைத்தியரிடம் கொண்டுவருகிறவர்களின் முகத்தில் ஒரு கவலை தெரியுமே, அந்தக் கவலை அவர் முகத்தில் தெரிந்தது.

"பொன்னியின் செல்வன் அஞ்சு பாகத்தையும் மூணு வாரத்திலே முடிச்சுட்டான், ஸார். அதுக்கப்புறம் எதைக் கொடுத்தாலும் ரெண்டு பக்கம் புரட்டிட்டுக் கீழே வச்சுடறான். 'அடுத்தது என்ன, அடுத்தது என்ன'ன்னு ஒரே நச்சரிப்பு. நீங்க எழுதறவர். இவன் அடுத்தாப்போல எதைப் படிக்கலாம்னு நீங்களே சொல்லிடுங்க" என்றார்.

என்னுடைய நாவல் ஒன்றையே எடுத்து நீட்டிவிடலாமா என்று ஒரு கணம் சபலம் தட்டியது, மறைப்பானேன்? ஆனால் காவேரிக் கரையில் குதிரை மேல் வந்துகொண்டிருந்த பையனை இறக்கி, என் கதையில் வருகிற ஒண்டுக் குடித்தன வீட்டுக்குள் தள்ளுவது பாவம் என்று தோன்றியது. ஆகவே ஒரு கெட்டிக் காகிதத்தை எடுத்து, நிதானமாக யோசித்து, பத்துப் புத்தகங்களின் பெயரை வரிசையாக எழுதிக் கொடுத்தேன். நல்ல புத்தகங்கள்தாம். படிக்க வேண்டியவை என்று எல்லோரும் சொல்கிறவை. பையன் அதை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். சிநேகிதருக்குப் பரம திருப்தி. எனக்கு அதைவிட.

பத்து நாள் கழித்துப் பையனைத் தெருவில் பார்த்தேன். "எத்தனை ஆயிற்று?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் ஆகலை, மாமா."

"ஏன், புத்தகம் கிடைக்கவில்லையா?"

"கிடைச்சுது. ரெண்டு எடுத்துப் பார்த்தேன். நல்லா இருக்கு."

அந்த 'நல்லா இருக்கு' என்பதை அவன் சொன்ன மாதிரி இருக்கிறதே, என் ஜாபிதாவுக்கு அதைவிடக் கடுமையான மதிப்புரை எந்தப் பத்திரிகையிலும் வந்திருக்க முடியாது.

அன்று இரவு எனக்கு ஒரு யோசனை வந்தது. இந்தக் கேள்வியை முதலில் கேட்டவர்கள் யார்? கேட்டவர்களுக்கு யாராவது உருப்படியாகப் பதில் சொல்லியிருக்கிறார்களா? நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் வீட்டில் ஒரு ராமாயணமும், பஞ்சாங்கமும், பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்துத் தைத்த இரண்டு பைண்டுகளும் இருந்தன. அடுத்தது என்ன என்று யாரும் கேட்கவில்லை. முடித்தால் மறுபடி முதல் பக்கத்துக்குப் போக வேண்டியதுதான். புத்தகங்கள் பெருகின இடத்தில்தான் இந்தக் கேள்வி முளைக்கிறது. அப்படிப் பார்த்தால் அது முதலில் முளைத்தது இங்கிலாந்தில் என்று சொல்ல வேண்டும்.

லண்டனில் ஜான் நியூபரி என்று ஒரு புத்தக வியாபாரி இருந்தார். காய்ச்சலுக்கு மருந்துப் பொடியும் விற்றவர். 1744ல் அவர் குழந்தைகளுக்கென்று ஒரு சின்னஞ்சிறு புத்தகம் போட்டார். புத்தகம் மட்டும் வேண்டுமானால் ஆறு பென்னி. கூட இரண்டு பென்னி கொடுத்தால் பையனுக்கு ஒரு பந்து, பெண்ணுக்கு ஒரு குண்டூசித் திண்டு. இந்த வியாபாரம் நன்றாக நடந்தது. மற்றவர்களும் போட்டிக்கு வந்தார்கள். ஐம்பது வருஷத்துக்குள் கடைகளில் குழந்தைப் புத்தகங்கள் குவிந்துவிட்டன. எதை வாங்குவது, எதை விடுவது என்று தெரியாமல் தாய்மார்கள் திகைத்தார்கள்.

அந்தத் திகைப்பைத் தீர்க்கப் புறப்பட்டவர் சாரா டிரிம்மர் என்ற அம்மையார். லண்டனுக்கு மேற்கே பிரென்ட்ஃபோர்டு என்ற ஊரில் குடியிருந்தார். பன்னிரண்டு குழந்தைகளைப் பெற்றவர். ஏழைக் குழந்தைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிக்கூடம் நடத்தியவர். ராபின் என்னும் சிறு பறவைகளின் குடும்பத்தை வைத்து 1786ல் அவர் எழுதிய கதையைப் பல தலைமுறைக் குழந்தைகள் படித்தார்கள். 1802ல் 'கல்வியின் காவலன்' என்று பொருள்படும் பெயரில் அவர் ஒரு பத்திரிகை தொடங்கினார். குழந்தைப் புத்தகங்களை எடுத்து வைத்துக்கொண்டு, பெரியவர்கள் புத்தகத்துக்குச் செய்வதைப்போல் அக்கறையாக மதிப்புரை எழுதிய முதல் பத்திரிகை அதுதான். 1806 வரையில் நடந்தது.

அம்மையாரின் உழைப்பில் குறை சொல்ல முடியாது. ஆனால் பெயரைப் பாருங்கள்: காவலன். காவலனுக்கு வீட்டுக்குள் வருகிறவர் யாராக இருந்தாலும் முதலில் சந்தேகம்தான். சிண்டரெல்லா கதைகூட அவருடைய பத்திரிகையில் தப்பவில்லை. அதைப் படித்தால் மாற்றாந்தாயின் மேல் வெறுப்பும், பொறாமையும், உடை அலங்காரத்தில் ஆசையும் பிஞ்சு மனத்தில் புகுந்துவிடுமாம். வேடிக்கை என்னவென்றால், சிறு வயதில் இப்படிப்பட்ட கதைகளைத் தாம் ஆசையாகப் படித்ததை அதே பத்திரிகையின் ஆரம்ப இதழ்களில் அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். தாம் தின்று வளர்ந்த பட்சணம் பேரக் குழந்தைக்கு மட்டும் ஆகாது என்கிற பாட்டிமார்களை நாமும் பார்த்திருக்கிறோம்.

எதைப் படிக்கக் கூடாது என்பதற்கு இப்படியாக ஒரு ஜாபிதா கிடைத்துவிட்டது. எதைப் படிக்கலாம் என்று கேட்ட குழந்தைக்குப் பதில் கிடைக்க மேலும் முக்கால் நூற்றாண்டு ஆயிற்று. அதற்கு நாம் கடல் தாண்டி அமெரிக்காவுக்குப் போக வேண்டும்.

1875ம் வருஷம் காரொலின் ஹ்யூயின்ஸ் என்ற 29 வயதுப் பெண் கனெக்டிகட் மாகாணத்தில் ஹார்ட்ஃபோர்டு நகரில் ஒரு நூல் நிலையத்துக்கு அதிகாரியாக வந்து சேர்ந்தாள். சந்தா கட்டியவர்களுக்கு மட்டும் புத்தகம் கொடுக்கிற நூல் நிலையம் அது. அந்த நாளில் அமெரிக்க நூல் நிலையங்களில் சிறுவர்களுக்குப் பெரும்பாலும் இடமே கிடையாது. பன்னிரண்டு வயது, பதினாலு வயது என்று ஒரு வரம்பு வைத்து, அதற்குக் கீழ்ப்பட்டவர்களை வாசற்படியிலேயே நிறுத்திவிடுவார்கள். பெண்களுக்கு இருந்த மதிப்பும் ரொம்பப் பெரிதல்ல. 1877ல் நடந்த நூல் நிலையச் சங்க மகாநாட்டில் ஹ்யூயின்ஸ் எழுந்து ஒரு கேள்வி கேட்டாள். அந்தச் சங்கத்தின் கூட்டத்தில் ஒரு பெண்ணின் குரல் கேட்டது அதுவே முதல் தடவை. கேள்வி என்ன தெரியுமா? மாஸச்சூஸட்ஸ் மாகாணத்தில் நாய் வரியிலிருந்து நூல் நிலையங்களுக்குப் பணம் கொடுக்கிறார்களே, வேறு எங்காவது அப்படி உண்டா என்பதுதான். சரித்திரத்தில் இடம் பெறுகிற முதல் பேச்சு எப்போதும் வீர முழக்கமாக இருக்க வேண்டியதில்லை என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

ஹ்யூயின்ஸ் ஒன்பது குழந்தைகளில் மூத்தவள். தம்பி தங்கைகளை உட்கார்த்தி வைத்துக் கதை படித்துக் காட்டியே வளர்ந்தவள். ஹார்ட்ஃபோர்டு அலமாரிகளில் சிறுவர்களுக்கென்று என்ன இருக்கிறது என்று பார்த்தாள். ஏழைப் பையன் ஒரே நாளில் பணக்காரனாகிற கதைகள். பள்ளிக்கூடத்தை விட்டு ஓடிப்போகிற கதைகள். வெளியே தெருவிலோ பத்து சென்டுக்குக் கொலை, கொள்ளை, குதிரைத் திருடர் என்று மலிவு நாவல்கள். இவற்றையெல்லாம் எரித்துவிட வேண்டும் என்று அந்தக் காலத்து உபாத்தியாயர்களும் பாதிரிமார்களும் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஹ்யூயின்ஸ் கூச்சல் போடவில்லை. 1878 முதல் நூல் நிலையத்தின் செய்தி மடலில் நல்ல குழந்தைப் புத்தகங்களைப் பற்றி எழுதத் தொடங்கினாள். 1882ல் 'இளம் பிராயத்தினருக்குரிய புத்தகங்கள்' என்று ஒரு சிறு நூலை வெளியிட்டாள். பெற்றோருக்கும் பிள்ளைகளுக்குமான வழிகாட்டி அது. அதே வருஷம் 25 நூல் நிலையங்களுக்குக் கடிதம் எழுதி, பையன்களுக்கும் பெண்களுக்கும் படிப்பில் ஆசை உண்டாக்க நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று விசாரித்தாள்.

ஆனால் ஜாபிதாவோடு அவள் நின்றிருந்தால் நான் இவ்வளவு தூரம் எழுத மாட்டேன். சனிக்கிழமைகளில் சிறுவர்களை அழைத்துக்கொண்டு வயலுக்கும் காட்டுக்கும் போவாள். அங்கே பார்த்த பறவையைப் பற்றி, பூச்சியைப் பற்றித் திரும்பி வந்து புத்தகத்தில் தேடுவார்கள். ஐரோப்பாவுக்கு யாத்திரை போனால் ஹார்ட்ஃபோர்டு குழந்தைகளுக்கு அங்கிருந்து கடிதம் எழுதுவாள்; பொம்மைகள் வாங்கி வருவாள். எந்தக் கதை எந்த ஊரில் நடந்ததோ அந்த ஊரைப் பற்றிக் கடிதம் வந்தால் எந்தக் குழந்தைதான் அந்தப் புத்தகத்தைத் தேடாமல் இருக்கும்? ஏழைகளும் புதிதாகக் குடியேறியவர்களும் நிறைந்த பேட்டையில் இருந்த சேவை இல்லம் ஒன்றில் அவள் சுமார் பன்னிரண்டு வருஷம் குடியிருந்தாள். புத்தகம் கேட்டு வருகிற குழந்தையின் வீட்டில் விளக்கு உண்டா, படிக்க ஒரு மூலை உண்டா என்பதெல்லாம் அங்கேயே இருந்து பார்த்தவளுக்குத் தெரிந்தது. 1892ல் அந்த நூல் நிலையம் சந்தா இல்லாமல் எல்லோருக்கும் திறந்தது. குழந்தைகளுக்குத் தனி அறை 1904ல் வந்தது. அதாவது அவள் உத்தியோகத்துக்கு வந்து 29 வருஷம் கழித்து! காத்திருக்கத் தெரிந்த மனுஷி.

இதற்குள் நியூயார்க்கில் வேறொரு பெண்மணி கிளம்பிவிட்டார். இவரை 'அவள்' என்று எழுத எனக்குத் துணிச்சல் இல்லை. அவருடைய படத்தைப் பார்த்தாலே கையைக் கட்டிக்கொண்டு நிற்கத் தோன்றும். ஆன் காரல் மூர் என்று பெயர். 1871ல் மெய்ன் மாகாணத்தில் பிறந்தவர். ஏழு அண்ணன்மார்களுக்குப் பிறகு வந்த தங்கை. வக்கீலான தகப்பனாரிடம் சட்டம் படிக்க ஆரம்பித்தார். 1892ல் பெற்றோர் இருவரும் விஷக் காய்ச்சலில் அடுத்தடுத்து மாண்டு போகவே, நூல் நிலையப் பயிற்சிக்குப் போனார். புரூக்ளினில் குழந்தைகள் அறை ஒன்றை நடத்தி நல்ல பெயர் வாங்கிய பிறகு, 1906ல் நியூயார்க் பொது நூலகத்தின் எல்லாக் கிளைகளிலும் குழந்தைகள் பகுதிக்குத் தலைவியானார். 1941 வரையில் அந்த ஆசனத்தில் இருந்தார்.

மூர் செய்த காரியங்களைச் சொன்னால் இன்றைக்கும் நம் ஊர் நூல் நிலையங்களுக்குப் பொறாமை வர வேண்டும். 'பேசாதே' என்ற பலகைகளைக் கழற்றி எறிந்தார். அலமாரிகளைத் திறந்து வைத்தார். சின்ன நாற்காலிகள், ஜன்னலோர ஆசனங்கள், கதை சொல்லும் நேரம், பூ ஜாடி. எந்தத் தேசத்துக் குழந்தை வந்தாலும் அதன் தாய்மொழியில் நாலு புத்தகமாவது அலமாரியில் இருக்க வேண்டும் என்றார். புத்தகம் எடுக்க வரும் குழந்தை ஒரு பெரிய பேரேட்டில் கையெழுத்துப் போட வேண்டும்: புத்தகத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்வேன், விதிகளுக்குக் கட்டுப்படுவேன் என்று ஒரு சத்தியம். கையெழுத்துப் போடத் தெரிந்தால் போதும், வயது வரம்பு இல்லை. 1913ல் அந்த நூலகத்தின் கிளைகளில் வெளியே போன புத்தகங்களில் மூன்றில் ஒரு பங்கு குழந்தைப் புத்தகங்கள்.

பத்திரிகைகளில் அவர் மதிப்புரையும் எழுதினார். அதனால் அவர் சொல்லுக்கு இருந்த கனம் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போயிற்று. பிரசுரகர்த்தர்கள் கையெழுத்துப் பிரதியை எடுத்துக்கொண்டு அவர் அறை வாசலில் காத்திருந்தார்கள். பிடிக்காத புத்தகத்தின் மேல் குத்துவதற்கென்றே அவரிடம் ஒரு ரப்பர் முத்திரை இருந்ததாக ஒரு கதை உண்டு. குழந்தைகளின் அறைக்கு வாசலைத் திறந்தவர், அதே வாசலில் நிலைக் கதவாகவும் நின்றுவிட்டார்.

அந்தக் கதவில் மோதியது ஒரு எலிக்குஞ்சு. ஈ. பி. ஒயிட் என்ற எழுத்தாளரைக் குழந்தைகளுக்கு எழுதுங்கள் என்று தூண்டியவர்களில் மூர் ஒருவர். அவரும் எழுதினார். நியூயார்க்கில் ஒரு சாதாரணக் குடும்பத்தில் எலி உருவத்தில் ஒரு பிள்ளை பிறந்து வளர்கிற கதை. 'ஸ்டூவர்ட் லிட்டில்' என்று பெயர். 1945ல் அச்சுப் பிரதியைப் படித்துப் பார்த்த மூருக்கு ஒரே கலக்கம். அப்போது அவர் ஓய்வு பெற்று நாலு வருஷம் ஆகியிருந்தது. ஆனால் என்ன? நம் வீடுகளில் சாவிக்கொத்தை மருமகளிடம் கொடுத்துவிட்டு உக்கிராண அறை வாசலிலேயே பாயைப் போட்டு உட்கார்ந்திருக்கும் மாமியார்கள் இல்லையா? இந்தப் புத்தகம் வெளிவரக் கூடாது, வந்தால் ஆசிரியரின் பெயர் கெட்டுவிடும் என்று ஒயிட்டின் மனைவிக்கு 14 பக்கத்தில் கடிதம் எழுதினார். ஒயிட் அசையவில்லை. புத்தகம் அந்த வருஷமே வெளிவந்தது. இன்றும் அச்சில் இருக்கிறது.

1947ல் இன்னொரு புத்தகம் வந்தது. தூங்கப் போகும் முயல்குட்டி ஒன்று அறையில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் விடை சொல்வதுதான் விஷயம். 'குட்நைட் மூன்' என்று பெயர். நியூயார்க் பொது நூலகம் அதை வாங்கவில்லை. மூரின் ருசி அவருக்குப் பிறகும் அங்கே ஆட்சி செய்துகொண்டிருந்தது. 1972ல்தான் அந்தப் புத்தகம் அலமாரி ஏறியது. 2020ல் அந்த நூலகம் தன் 125 வருஷச் சரித்திரத்தில் மிக அதிகமாக வெளியே போன புத்தகங்களைக் கணக்கிட்டது. முதல் இடம் எஸ்ரா ஜாக் கீட்ஸ் எழுதிய 'தி ஸ்னோயி டே' என்ற குழந்தைப் புத்தகத்துக்கு. 4,85,583 தடவை போயிருக்கிறது. முயல்குட்டிக்கு முதல் பத்தில் இடம் இல்லை. 25 வருஷம் வாசலில் நின்றதனால்தான் என்று நூலகத்தாரே காரணம் சொல்லி, அதற்கு ஒரு கௌரவ இடம் கொடுத்தார்கள். 25 வருஷத்தில் எத்தனை குழந்தைகள் வளர்ந்து பெரியவர்களாகியிருப்பார்கள்! அவர்களிடம் யார் போய்க் காரணம் சொல்வது?

மூரைப் பற்றி இப்படி எழுதும்போது எனக்கே கொஞ்சம் உறுத்துகிறது. என் பத்துப் புத்தக ஜாபிதாவில் இருந்த அதிகாரத்துக்கும் அவருடைய ரப்பர் முத்திரைக்கும் என்ன பெரிய வித்தியாசம்? மேலும், அவர் திறந்துவிட்ட அறைகளில்தான் அவருக்கே தெரியாத பதில்களும் விளைந்தன. அவற்றையும் சொல்ல வேண்டும்.

1921ல் பூரா பெல்ப்ரே என்ற போர்ட்டோ ரிக்கோ தீவுப் பெண் அந்த நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். அலமாரியில் எல்லாத் தேசத்துக் கதைகளும் இருந்தன. பாட்டி சொல்லித் தான் கேட்ட கதைகள் மட்டும் இல்லை. வாயால் சொல்ல ஆரம்பித்தாள். கரப்பான்பூச்சிப் பெண்ணுக்கும் சுண்டெலி மாப்பிள்ளைக்கும் நடக்கிற கல்யாணக் கதை 1932ல் புத்தகமாகவே வந்துவிட்டது. அடுத்த புத்தகம் அலமாரியில் இல்லையென்றால் எழுதி வைத்துவிடுவது என்பதும் ஒரு வழிதான்.

1937ல் ஹார்லம் பகுதியில், 135வது தெருக் கிளைக்கு ஆகஸ்டா பேக்கர் வந்தாள். கறுப்பின மக்கள் நெருங்கி வாழ்ந்த பகுதி அது. பேக்கரும் அந்த இனத்தவள். பாட்டியிடம் கதை கேட்டு வளர்ந்தவள். அங்கே வருகிற குழந்தைகளுக்கு எடுத்துக் கொடுக்கலாம் என்று அலமாரியைத் துழாவினாள். கறுப்புக் குழந்தை வருகிற புத்தகம் அபூர்வம். வந்தால், கோமாளியாக வரும், கொச்சை பேசும், படத்தில் உதடும் கண்ணும் பார்க்கிறவர்கள் சிரிப்பதற்காகவே வரைந்திருக்கும். அடுத்தது என்ன என்று ஆசையோடு கேட்கிற குழந்தையின் கையில், அந்தக் குழந்தையையே பரிகசிக்கிற புத்தகத்தை எப்படிக் கொடுப்பது?

பேக்கர் ஒவ்வொரு புத்தகமாக எடுத்து மூன்று விஷயங்களைப் பார்த்தாள்: பேச்சு எப்படி இருக்கிறது, படம் எப்படி இருக்கிறது, கதை என்ன சொல்கிறது. தேறியவற்றை 1939 முதல் தனியாகச் சேர்த்தாள். 1946ல் அவற்றின் ஜாபிதாவை அச்சிட்டாள். அது பெரிதாகப் பெரிதாக மறுபடி மறுபடி அச்சாயிற்று. தேறாதவை ஏன் தேறவில்லை என்று எழுத்தாளர்களிடமும் பிரசுரகர்த்தர்களிடமும் விடாமல் எடுத்துச் சொன்னாள். 1961ல், மூர் ஒரு காலத்தில் வகித்த பொறுப்புக்கு அவள் வந்தாள். இப்படி ஒருத்தி தனியாக இருபது வருஷம் பாடுபட்ட பிறகும் நிலைமை எப்படி இருந்தது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. 1962 முதல் 1964 வரையில் அமெரிக்காவில் வெளிவந்த ஐயாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைப் புத்தகங்களை நான்சி லாரிக் என்ற அம்மையார் ஆராய்ந்து, 1965ல் ஒரு கட்டுரை எழுதினார். ஒரு கறுப்பு முகமாவது தென்பட்ட புத்தகங்கள் நூற்றுக்கு 6.7 தான். அந்த ஆராய்ச்சிக்கு அவரைத் தூண்டியது ஓர் ஐந்து வயதுப் பெண் குழந்தை. படத்தில் எப்போதும் வெள்ளைக் குழந்தைகளாகவே இருக்கிறார்களே, ஏன் என்று அது கேட்டுவிட்டதாம்.

என் சிநேகிதரின் பையன் விஷயத்துக்கு வருகிறேன். பதின்மூன்று, பதினான்கு வயது என்பது ஒரு ரெண்டுங்கெட்டான் வயது. குழந்தைகள் அறையில் முழங்கால் இடிக்கும். பெரியவர்கள் அறையில் திசை தெரியாது. இந்த வயதினருக்கென்று நியூயார்க் நூலகத்தில் 1929 முதல் மேபல் வில்லியம்ஸ் என்பவர் ஒரு ஜாபிதா போட்டு வந்தார். ஆனால் இந்தக் கலையில் எனக்கு மிகவும் பிடித்தவள் மார்கரெட் எட்வர்ட்ஸ். 1932ல் பால்ட்டிமோர் நகரப் பொது நூலகத்தில் சேர்ந்து முப்பது வருஷம் இளைஞர்களுக்குப் புத்தகம் தேடிக் கொடுத்தவள்.

எட்வர்ட்ஸின் சட்டம் வெகு கண்டிப்பானது. இளைஞர்களின் கண்ணில் படாது. அவளுடைய உதவியாளர்கள்தான் அனுபவிப்பார்கள். அவளிடம் வேலைக்கு வருகிறவர் முதலில் சுமார் 300 புத்தகங்களைப் படித்தாக வேண்டும். சிலவற்றைப் படித்ததும் அவள் எதிரே உட்கார்ந்து, படித்ததைப் பற்றிப் பேச வேண்டும். அப்புறம் அடுத்த சில. அட்டையைப் பார்த்தும் முன்னுரையைப் பார்த்தும் பேசுகிறவர்களை அவள் கண்டுபிடித்துவிடுவாள். காரணம், அவள் அத்தனையும் படித்திருந்தாள். பையன்களுக்குத் தடை போடுவதற்குப் பதிலாகப் பெரியவர்களுக்குப் பரீட்சை வைத்த முதல் ஆள் இவள்தான் என்று நினைக்கிறேன். பள்ளிக்கூடங்களுக்குப் போய், ஒரு புத்தகத்தின் சுவையான இடம் வரையில் கதையைச் சொல்லி நிறுத்திவிடுவாள். 1940களில் ஒரு குதிரை வண்டியில் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு, நூலகத்தை எட்டிப் பார்க்காத ஏழைப் பேட்டைகளுக்குள் போனாள்.

குதிரை வண்டி என்றதும் எனக்கு மன்னார்குடி ஞாபகம் வந்துவிட்டது. அவளுக்குப் பத்து வருஷம் முன்பே, 1931ல், மன்னார்குடிக்குப் பக்கத்தில் மேலவாசல் கிராமத்தில் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டு வண்டியில் ஒரு நடமாடும் நூல் நிலையம் தொடங்கினார். தொடங்கி வைத்தவர் சீர்காழி ராமாமிருத ரங்கநாதன். அவர் கதையும் விசித்திரம்தான். கணித ஆசிரியராக இருந்தவர் 1924ல் சென்னைப் பல்கலைக் கழகத்தின் முதல் நூலகர் ஆனார். மாணவர்களின் முகத்தைப் பார்த்தே பழகியவருக்கு அந்தத் தனிமை பொறுக்கவில்லை. சில நாளிலேயே, பழைய வேலைக்கே போகிறேன் என்று போய் நின்றார். லண்டனுக்குப் போய்ப் பயிற்சி பெற்று வாருங்கள், அதற்கு மேலும் பிடிக்காவிட்டால் பார்க்கலாம் என்றார்கள். அங்கே அவருக்கு ஆசானாக வாய்த்தவர் பெர்விக் ஸேயர்ஸ். கிராய்டன் நூலகத்தின் தலைவர், குழந்தைகள் நூல் நிலையங்களைப் பற்றி 1932ல் ஒரு முழுப் புத்தகமே எழுதியவர். அந்த ஊரில் தொழிலாளியும் சிறுவனும் கிழவியும் சரளமாக நூலகத்துக்குள் நுழைவதை ரங்கநாதன் பார்த்தார். திரும்பி வந்தவர் பழைய வேலையை மறந்தே போனார்.

1931ல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளை இன்று உலகமெங்கும் நூலகர்கள் பாடமாகப் படிக்கிறார்கள். அவற்றில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகனுக்கும் உரிய புத்தகம் அவனுக்குக் கிடைத்தாக வேண்டும் என்பது. மூன்றாவது, ஒவ்வொரு புத்தகத்துக்கும் உரிய வாசகன் அதற்குக் கிடைத்தாக வேண்டும் என்பது. பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பதோடு நிறுத்தாமல், மாப்பிள்ளைக்கும் பெண் பார்க்கச் சொல்கிறார். கணக்கு வாத்தியார் அல்லவா? சமன்பாட்டின் இரண்டு பக்கத்தையும் எழுதிவிட்டார். அவருடைய விடாமுயற்சியின் பயனாக 1948ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அதுதான். எங்கள் பேட்டையில் உள்ள கிளை நூலகமும் அந்தச் சட்டத்தின் குழந்தை.

அங்கேதான் மறு ஞாயிற்றுக்கிழமை பையனை அழைத்துக்கொண்டு போனேன். ஜன்னலோரம் மேஜை போட்டு ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருந்தாள். வேலைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது. விஷயத்தை நான் விஸ்தாரமாகச் சொல்லத் தொடங்கினேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

"பொன்னியின் செல்வன்லே எந்த இடத்தைத் திருப்பித் திருப்பிப் படிச்சே, தம்பி?" என்று அவனைக் கேட்டாள்.

எனக்குச் சுரீர் என்றது. பத்துப் புத்தகம் எழுதிக் கொடுத்த எனக்கு இந்த ஒரு கேள்வி தோன்றவில்லையே!

பையன் கொஞ்சம் தயங்கினான். பிறகு மடை திறந்துவிட்டது. சோழ ராஜ்யத்தின் சிம்மாசனம், சதி, சுரங்கப் பாதை எதுவும் அவன் வாயில் வரவில்லை. நடுக்கடலில் புயல் அடிக்கும்போது பூங்குழலி ஒற்றையாகப் படகு தள்ளிக்கொண்டு வருகிறாளே, அந்த இடமாம். அவ்வளவு பெரிய அலையில் ஒரு சின்னப் படகு கவிழாமல் எப்படி நிற்கும், அக்கா? நட்சத்திரம் தெரியாத ராத்திரியில் கரை எந்தப் பக்கம் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? நாலைந்து கேள்வி. மூன்று வாரமாக அடுத்தது என்ன என்று அவன் கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தான்.

அவள் எழுந்து போனாள். கதைப் புத்தகங்கள் இருந்த அலமாரியைத் தாண்டி உள்ளே போய், கட்டுமரங்களையும் படகுகளையும் பற்றி ஒரு மெல்லிய புத்தகத்தை எடுத்து வந்தாள். "இது கதை இல்லை. படம் இருக்கு. பிடிக்காட்டி நாளைக்கே கொண்டுவந்து கொடுத்துடு" என்றாள். பையன் அங்கேயே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான்.

"உங்களுக்கு என்ன வேணும், ஸார்?" என்று அப்போதுதான் என்னைக் கேட்டாள். ஒன்றும் வேண்டாம் என்றேன்.

அடுத்த வாரம் பையன் வேறு புத்தகம் எடுக்கக் கிளம்பியபோது என்னையும் கூப்பிட்டான். பாதி வழியில் அந்தப் படகுப் புத்தகத்தை வாங்கிப் புரட்டிப் பார்த்தேன். நடுப் பக்கத்தில் அடையாளமாக ஒரு சீட்டு. எடுத்துப் பிரித்தேன். நாலாக மடித்த என் ஜாபிதா.

"இதை இன்னுமா வைத்திருக்கிறாய்?" என்றேன்.

"கெட்டித் தாள் மாமா. கிழியவே மாட்டேங்குது" என்றான்.